பொட்டலத்தில் வந்த ஐசி

போர்டு வேலை பழகும் தம்பி தங்கைகளுக்கு,



லேப்டாப் சர்வீஸ் கடையில் சேர்ந்து, ஸ்க்ரூ கழற்றி, ரேம் மாற்றி, விண்டோஸ் போட்டுப் பழகி, இப்போதுதான் ஹாட் ஏர் கன்னைக் கையில் வாங்கியிருப்பீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். சென்னை ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் கிடந்த மேஜையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவன் நான். பிறகு திருச்சிக்கு வந்து சின்னதாகக் கடை போட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் போர்டும் நானுமாக உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் வந்த ஒரு போர்டு என்னை இரண்டு ராத்திரி தூங்க விடவில்லை. அதைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும்.

கொண்டு வந்தவர் தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஓர் அம்மா. பட்டா மாற்றம், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று ஊர் ஜனங்களின் விண்ணப்பமெல்லாம் அவருடைய ஒரே லேப்டாப்பில்தான் டைப் ஆகும். துணிப்பையிலிருந்து அதை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு மணிபர்ஸைத் திறந்து, கோயில் விபூதியை மடிப்பதுபோல் மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே எட்டுக் கால் ஐசி ஒன்று. "இது கழண்டு வந்துருச்சாம் தம்பி. இனிமே ஒட்டாதாம். போர்டே போச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த ஐசியையாவது குடுங்கன்னு நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஐசியை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். ஐந்தாவது காலுக்கும் ஆறாவது காலுக்கும் அடியில் செம்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பயிரைப் பிடுங்கினால் வேரோடு மண் வருமே, அந்த மாதிரி. போர்டில் அந்த இரண்டு இடங்களும் வெறும் பழுப்பு நிறத்தில், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை நெசவு தெரிய, காயம்பட்ட தோல் மாதிரி இருந்தன. ஐசி தானாகக் கழன்றிருந்தால் காலும், அது ஒட்டியிருந்த செம்புப் பேடும் பளபளவென்று தனித்தனியாக நிற்கும், அல்லது ஈயத்தில் விரிசல் ஓடியிருக்கும். இது யாரோ பாதிச் சூட்டில் பிடுங்கியது. பிடுங்கியது உங்களில் ஒருவர் வயதுள்ள தம்பியாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொன்னது. அவருக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐசி என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது பயாஸ் ஐசி. லேப்டாப்பில் பவர் பட்டனை அழுத்தினால் முதலில் படிக்கப்படுவது அதில் எழுதியிருப்பதுதான். கடையில் புது ஐசி சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஆனால் அந்த அம்மாவின் ஐசிக்குள் இருந்தது கடையில் கிடைக்காது. அந்த லேப்டாப்பின் சீரியல் நம்பர் அதில் இருக்கிறது. பல போர்டுகளில் லேன் முகவரியும் அதில்தான். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து, கம்பெனி போட்டுத் தரும் விண்டோஸின் லைசன்ஸ் கீயும் அதற்குள்ளேயே பதிந்து வருகிறது. இன்டெல் போர்டாக இருந்தால் அந்த போர்டுக்கென்றே அமைத்த எம்இ (மேனேஜ்மென்ட் எஞ்சின்) பகுதியும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை மடித்து வைத்ததுபோல அந்த அம்மா அதை மடித்து வைத்திருந்தாரே, அவருக்குத் தெரியாமலே அவர் செய்தது ரொம்பச் சரியான காரியம். கழன்ற ஐசியைக் குப்பையில் போட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பயாஸ் ஃபைலை இறக்கி எழுதுகிற பழக்கம் நம் தொழிலில் நிறைய பேருக்கு இருக்கிறது. போர்டு ஆன் ஆகும். ஆனால் அது வேறொருவரின் பெயரில் ஆன் ஆகும்.

இப்போது பேடுக்கு வருகிறேன். என் பேச்சில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான்.

பேடு என்பது போர்டின் மேல் ஒட்டிய செம்புத் தகடு. வழக்கமாக 35 மைக்ரான் கனம், சில போர்டுகளில் அதிலும் பாதி. தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழே பிடித்து வைத்திருப்பது எஃப்ஆர்-4 போர்டின் பிசின். சாதாரண எஃப்ஆர்-4 பிசின் 130, 140 டிகிரி தாண்டும்போதே இறுக்கம் விட்டு இளக ஆரம்பிக்கும். நல்ல ரகம் 170-க்கு மேல் தாங்கும். ஆனால் ஈயம் உருக அதைவிடச் சூடு வேண்டும். அதாவது ஐசியைத் தூக்கக்கூடிய சூட்டில் பேடின் பிடிமானம் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கும் சின்ன இழுப்பு, குளிர்ந்த போர்டில் கொடுக்கும் பெரிய இழுப்புக்குச் சமம். ஐசி போனால் வாங்கலாம், கபாசிட்டர் போனால் வேறு போர்டிலிருந்து எடுக்கலாம், பேடை மட்டும் எந்தக் கடையிலும் வாங்கி அந்த இடத்தில் வைக்க முடியாது.

பழைய ஈயத்துக்கும் புதிய ஈயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. நாம் ரோலில் வாங்கும் 63/37, அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது, 183 டிகிரியில் சட்டென்று உருகும். ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் எலெக்ட்ரானிக் பொருட்களில் காரீயத்துக்குத் தடை வந்தது. உலகம் முழுவதற்கும் ஒரே ஃபேக்டரியில் போர்டு போடுகிறவர்கள் ஆளுக்கொரு ஈயம் வைக்க முடியாதே, ஏறக்குறைய எல்லாருமே மாறிவிட்டார்கள். இன்று உங்கள் கைக்கு வரும் லேப்டாப் போர்டில் பெரும்பாலும் இருப்பது வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் சேர்ந்த கலவை. அது உருக 217 டிகிரி தாண்ட வேண்டும். ரோலில் இருக்கும் ஈயம் உருகியதைப் பார்த்துவிட்டு, போர்டில் இருப்பதும் உருகியிருக்கும் என்று நினைத்து இழுத்தால் பேடு கையோடு வரும். ஹாட் ஏர் ஸ்டேஷனில் 380 என்று எரியும் எண்ணையும் நம்பி இழுக்காதீர்கள். அது குழாய் வாயில் வரும் காற்றின் சூடு. போர்டு அதில் எவ்வளவை வாங்கியிருக்கிறது என்பது நாஸிலின் தூரத்தையும் போர்டின் செம்பையும் பொறுத்தது.

இந்த எட்டுக் கால் ஐசியில் நாலாவது கால் கிரவுண்டு. அது உள்ளே பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். எட்டாவது கால் சப்ளை, அதற்கும் கொஞ்சம் அகலமான செம்பு. ஐந்தும் ஆறும் டேட்டாவும் கிளாக்கும், நூல் மாதிரி ஒல்லியான செம்புப் பாதை, அதாவது டிராக். அந்த போர்டில் நடந்தது எனக்குக் கண்ணால் பார்த்த மாதிரி புரிந்தது. காற்றை ஒரு மூலையில் மட்டும் பிடித்திருக்கிறார்கள். ஏழும் எட்டும் உருகிவிட்டன. ஐந்தும் ஆறும் உருகவில்லை. ட்வீசரை ஐந்தாம் கால் மூலையில் கொடுத்து நெம்பியதும், எதிர்வரிசை கதவுக் கீல் மாதிரி நின்றுகொண்டது, இந்தப் பக்கம் பிய்ந்து வந்துவிட்டது.

ஐசியை எப்படித் தூக்குவது என்றால், தூக்கக் கூடாது. முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், சிமோஸ் பேட்டரியையும் சேர்த்து. பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டருக்கெல்லாம் மஞ்சள் ஹீட் டேப் ஒட்டுங்கள். எட்டுக் காலிலும் ஃபிளக்ஸ் தாராளமாகப் போட்டு, சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு காலிலும் 63/37 ஈயத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கலந்துவிடுங்கள். போர்டில் இருக்கும் ஈயத்தோடு இது சேர்ந்ததும் உருகும் சூடு இறங்கிவிடும். பிறகு போர்டு முழுக்க மெதுவாகச் சூடு ஏறும்படி காற்றைத் தள்ளிப் பிடித்து, வட்டமாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வாருங்கள். ஈயம் மங்கலிலிருந்து கண்ணாடி மாதிரி பளிச்சென்று மாறும். அப்போதும் அவசரப்படாமல், ட்வீசர் முனையால் ஐசியின் பக்கவாட்டில் மயிரிழை அளவு தள்ளிப் பாருங்கள். எல்லாக் காலும் உருகியிருந்தால் ஐசி நகர்ந்துவிட்டு, விட்டதும் தானே நீந்தி வந்து பழைய இடத்தில் உட்காரும். ஈயத்தின் பரப்பு இழுவிசைதான் அதை இழுத்து உட்கார வைக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறையும். அது நீந்துகிறவரை தொடாதீர்கள். நீந்திவிட்டால் பூ எடுப்பதுபோல் எடுத்துவிடலாம், இழுப்பே தேவைப்படாது.

என் கையாலும் பேடு பிய்ந்திருக்கிறது. ரிச்சி தெருவில் சேர்ந்த இரண்டாவது மாதம். சவுண்டு ஐசி ஒன்று, நாலு பக்கமும் கால். மதியச் சாப்பாட்டு நேரம், கடை அண்ணன் வெளியே போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று இழுத்தேன், மூன்று பேடு வந்துவிட்டது. பயந்துபோய் ஐசியை அப்படியே ஃபிளக்ஸால் ஒட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. ஜாப் கார்டை எடுத்து என் கையில் கொடுத்து, "என் கையால மூணு பேடு போச்சுன்னு எழுது" என்றார். எழுதினேன். சாயங்காலம் கஸ்டமர் வந்ததும் அதை அவரிடம் என்னையே படிக்கச் சொன்னார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் கேட்டுவிட்டு, "சரி, சரிபண்ணித் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி பத்தரை மணிவரை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று டிராக்கையும் நானே தேடி ஜம்பர் கம்பி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாவின் போர்டில் செய்ததையும் சொல்கிறேன். முதலில் மிச்சம் இருந்த ஆறு பேடையும் காப்பாற்ற வேண்டும். ஃபிளக்ஸ் போட்டு, செம்புப் பின்னல் விக்கை வைத்துப் பழைய ஈயத்தை உறிஞ்சினேன். இந்த இடத்தில் இன்னொரு பேடைக் கிழிப்பவர்கள் அதிகம். விக்கைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அயர்னை மேலே வைத்து, ஈயம் ஏறியதும் இரண்டையும் ஒன்றாக மேலே எடுக்க வேண்டும். விக் குளிர்ந்து பேடோடு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் மறுபடி சூடு காட்டுங்கள். பிறகு ஐபிஏ ஆல்கஹாலால் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்த பிறகுதான் ஐந்தாம் பேடு இருந்த இடத்தின் ஓரத்தில், பச்சை மாஸ்க்குக்கு அடியில் டிராக்கின் முனை தெரிந்தது. ஆறாம் இடத்தில் எதுவும் தெரியவில்லை. பேடோடு டிராக்கும் கொஞ்ச தூரம் போயிருந்தது.

பயாஸ் ஐசியின் கிளாக் டிராக் வழக்கமாக ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். சுற்றிப் பார்த்தேன், அரை சென்டிமீட்டர் தள்ளி 33 ஓம்ஸ் ரெசிஸ்டர்கள் வரிசையாக இருந்தன. எது ஆறாம் காலுக்கு வருவது? மற்ற கால்களின் பேடிலிருந்து ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் மல்டிமீட்டரில் பீப் சத்தம் பார்த்தேன். பீப் வந்ததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் இரண்டுதான் மிச்சம். ஐந்தாம் டிராக்கின் முனையை ஊசியால் தொட்டதும் அதில் ஒன்றும் தெரிந்துவிட்டது. கடைசியாக நின்றது கிளாக். அதன் மறுமுனை சிப்செட் வரை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மீட்டரை டையோடு மோடில் போட்டு, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையை ரெசிஸ்டரிலும் வைத்தேன். பக்கத்து டேட்டா லைனில் வந்த அளவுக்கு ஒட்டியே வந்தது. எந்த டிராக் எங்கே போகிறது என்று காட்டும் போர்ட்வியூ ஃபைல் கிடைத்தால் இந்தத் தேடலை ஐந்து நிமிஷத்தில் முடிக்கலாம். கிடைக்காவிட்டாலும் கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்பதை நீங்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

ஜம்பருக்கு 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி. நான் இன்றும் பழைய ரிலே காயிலைப் பிரித்துத்தான் எடுக்கிறேன். அயர்ன் முனையில் ஈயச் சொட்டு ஒன்றை உருக்கி, அதற்குள் கம்பியின் நுனியை நுழைத்தால் எனாமல் கருகி விலகி, நுனி வெள்ளையாகும். ஐந்தாம் டிராக்கின் மாஸ்க்கைக் கத்தி முனையால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லச் சுரண்டினேன். செம்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சுரண்டு அதிகமானாலும் டிராக் அறுந்துவிடும். ஃபிளக்ஸ், துளி ஈயம், கம்பி. மறுநுனியைக் காயத்தின் மேலேயே பாய் சுருட்டுவதுபோல் சின்னதாகச் சுருட்டி, தட்டையாக அழுத்தி வைத்தேன். அதுதான் புது பேடு. ஆறாவதற்கு ரெசிஸ்டரிலிருந்து கம்பி இழுத்து, வழியில் எந்தப் பேடின் மேலும் படாமல் வளைத்துக் கொண்டுவந்தேன். கம்பியின் மேல் யூவி மாஸ்க் தடவி விளக்கு காட்டிக் கெட்டியாக்கினேன். மாஸ்க் போடாத ஜம்பர் இன்று ஓடும், நாளை ஃபேன் அதிர்விலேயே அறுந்துவிடும்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே ஐசியைப் ப்ரோக்ராமரில் வைத்துப் படித்துவிட்டேன். கால்களில் ஒட்டியிருந்த செம்பை எடுத்துச் சுத்தம் செய்த உடனே முதல் வேலை அதுதான். மூன்று முறை படித்து மூன்று ஃபைலையும் ஒப்பிட்டேன், ஒன்றுபோல் இருந்தன. ஜாப் நம்பரைப் பெயராகப் போட்டு இரண்டு இடத்தில் சேமித்தேன். இதில் ஒரு ஜாக்கிரதை. ஐசியின் நம்பரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். 25க்யூ64எஃப்வி என்றால் 3.3 வோல்ட், 25க்யூ64எஃப்டபிள்யூ என்றால் 1.8 வோல்ட். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அப்புறம், நம்மில் பாதிப்பேர் வைத்திருக்கும் கறுப்பு நிறச் சின்ன சிஎச்341ஏ ப்ரோக்ராமர், சப்ளையில் 3.3 கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட்டை விடும். அதை மாற்றியமைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், 1.8 வோல்ட் ஐசிக்கு அடாப்டர் இல்லாமல் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

திரும்ப ஐசியை வைக்க நான் காற்றை எடுக்கவில்லை. எட்டுக் காலுக்கு அயர்னே போதும், காற்று அடித்தால் புதிதாக வைத்த சுருள் பேடு நகர்ந்துவிடும். ஐசியின் புள்ளியும் போர்டின் அடையாளமும் ஒரே மூலையில் இருக்கிறதா என்று பார்த்து, எட்டாம் காலை மட்டும் பிடித்துவைத்து, மறுபடி வரிசை பார்த்து, எதிர்மூலையைப் பிடித்தேன். ஐந்தும் ஆறும் ஒரே தொடுதலில் முடிந்தன. கிரவுண்டு கடைசியில், பெரிய முனையால். பிறகு காலிலிருந்து டிராக்கின் மறுமுனைவரை ஒவ்வொன்றுக்கும் பீப், பக்கத்துக் காலோடு பீப் இல்லை, எட்டுக்கும் நாலுக்கும் ஷார்ட் இல்லை. பவர் கொடுத்தேன். சார்ஜிங் லைட் வந்தது. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நானும் கடைப்பையனும் மூச்சுவிடாமல் நின்றோம். ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்து, ஸ்க்ரீனில் லோகோ வந்தது. சீரியல் நம்பர் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருந்ததேதான்.

ஜம்பர் அடித்த போர்டை "ஒட்டுப்போட்டது" என்று குறைவாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கேட்டு வெட்கப்படாதீர்கள். பிய்ந்த பேடை மீட்பதற்கும் டிராக்குக்குப் பதில் கம்பி வைப்பதற்கும் ஐபிசி-7711/7721 என்று தொழில்துறையின் முறையான வழிகாட்டி நூலே இருக்கிறது. ஐசியைப் போர்டின் பரப்பில் ஒட்டும் இந்த முறையும் இன்று நேற்று வந்த நோஞ்சான் வேலை கிடையாது. 1960-களில் ஐபிஎம் உருவாக்கியது, நிலாவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை வழிநடத்திய கம்ப்யூட்டரில் இருந்தது. ராக்கெட் கிளம்பும் அதிர்வைத் தாங்கிய ஒட்டு அது. நம் கையில் அது நிற்கவில்லை என்றால் குறை நம் கைப்பழக்கத்தில்தான்.

யாரும் தொடாமல் ஐசி கழன்று வருவதும் உண்டு. அப்போது ஒட்டுவதற்கு முன் ஏன் கழன்றது என்று கேளுங்கள். லேப்டாப்பை மூலை படக் கீழே போட்டிருந்தால் போர்டு ஒரு கணம் வளைந்து நிமிர்ந்திருக்கும், காரீயம் இல்லாத ஈயம் கொஞ்சம் விறைப்பு அதிகம், அடி தாங்காமல் விரிசல் விடும். பேட்டரி உப்பியிருந்தால் அது அடியிலிருந்து போர்டை மாதக்கணக்கில் நெம்பிக்கொண்டிருக்கும். அதை மாற்றாமல் ஐசியை மட்டும் ஒட்டினால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். டீ கொட்டியிருந்தால், கடலோர ஊர் உப்புக்காற்று பட்டிருந்தால், காலுக்கும் பேடுக்கும் நடுவே பச்சை பூத்து செம்பையே தின்றிருக்கும். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து அலுத்துப்போவது இன்னொன்று. ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும், போர்டு 14 முதல் 17 பங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம்தான் தினமும் அந்தச் சண்டையை வாங்குகிறது. தண்ணீர் பட்ட போர்டாக இருந்தால் நன்றாகக் காயவைக்காமல் சூடு காட்டாதீர்கள். ஐசிக்குள் ஏறிய ஈரம் ஆவியாகி, நெல் பொரிவதுபோல் உள்ளுக்குள் பொரிந்துவிடும்.

அடியில் கால் தெரியாமல் உருண்டை உருண்டையாக ஈயம் வைத்த பிஜிஏ சிப்கள் வேறு விஷயம். அதைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. டிஸ்பிளே வராத லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப்பின் மேல் சும்மா ஹீட் அடித்து, ஆன் ஆனதும் "ரீபால் பண்ணிட்டோம்", அதாவது உருண்டையெல்லாம் மாற்றிவிட்டோம் என்று காசு வாங்குவது நம் தொழிலில் நடக்கிறது. மூன்று வாரத்தில் அது திரும்பச் சாகும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிப்பின் உள்ளே இருக்கும் ஒட்டுப்பொருளில் பலவீனம் இருப்பதாகச் சொல்லி, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போவதாக அறிவித்தது. குறை சிப்பின் வயிற்றுக்குள், போர்டோடு ஒட்டிய உருண்டையில் இல்லை. அப்படிப்பட்ட சிப்பில் ஹீட் அடித்தால் உள்ளே விட்டுப்போனது தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். சிப் உயிரோடு வந்ததைப் பார்த்து நாமும் சரியாகிவிட்டதாக நம்பினோம். தெரியாமல் செய்த காலம் அது. இப்போது தெரிந்தும் செய்தால் அது திருட்டு.

கஸ்டமரிடம் பேசுவது எப்படி என்று யாரும் உங்களுக்குக் கற்றுத் தருவதில்லை. "போர்டு டெட்" என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். உங்கள் கையால் பேடு போயிருந்தால், போயிருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களால் மீட்க முடியாவிட்டால், மீட்கத் தெரிந்தவர் இருக்கிறார், கொண்டுபோங்கள் என்று சொல்லி, ஐசியையும் கழற்றிய ஸ்க்ரூவையும் கவரில் போட்டுக் கொடுங்கள். அந்த அம்மா ஐசியைக் கேட்டு வாங்காமல் போயிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? அவர் இரண்டு வாரம் கடையில் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் என் கடைக்கு வருகின்றன. அக்கா படித்து முடித்து, தம்பி படித்து முடித்து, இப்போது அக்காவின் மகன் அதில் படம் வரைகிறான். புதுசு வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்வது சுலபம், அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடம் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிமுறை வகுக்க ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு போட்டது. நல்ல விஷயம். ஸ்கீமேட்டிக்கும் உதிரிபாகமும் நேர்வழியில் கிடைத்தால் நம் வேலை பாதியாகும். ஆனால் சட்டம் வந்தாலும் பேடைப் பிய்க்காத கை நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஈயம் தொட்ட கையோடு பஜ்ஜி சாப்பிடாதீர்கள். அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாகி மூக்கில் போவதில்லை, நீங்கள் முகரும் புகை ஃபிளக்ஸினுடையது. காரீயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக, வாய் வழியாக. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மேஜையில் டீ கிளாஸ் வைக்காதீர்கள். ஃபிளக்ஸ் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. புகைக்கு நேரே குனிந்து ஊதாமல், அதை இழுத்து வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், ஓனரிடம் கேட்டு வாங்குங்கள். எனக்குச் சொல்லித்தந்த அண்ணனுக்குக் கடைசி வருஷங்களில் இருமல் நிற்கவேயில்லை.

அந்த அம்மா லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போகும்போது, பழைய காகிதத்தையும் மடித்துத் திரும்பக் கொடுத்தேன். அதற்குள்ளிருந்த இரண்டு செம்புத் துணுக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். என் ஜாப் நோட்டில் செலோடேப்பால் ஒட்டி வைத்திருக்கிறேன். எள்ளில் பாதிகூட இல்லை. திருச்சிப் பக்கம் வரும் தம்பி தங்கைகள் யாராக இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டுகிறேன். பழைய போர்டு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் கழற்றி ஒட்டிப் பழகலாம், காசு எதுவும் வேண்டாம். ட்வீசர் மட்டும் அவரவருடையது கொண்டு வாருங்கள், என்னுடையதன் முனை வளைந்திருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருவனாகத் தொடங்கிய அண்ணன்